காயலான் கடைக்குப் போடும் முன்

அப்பாவோ தாத்தாவோ விட்டுச்சென்ற ஸ்பீக்கர் பெட்டிகளை வீட்டில் வைத்திருக்கும் எல்லோருக்கும்,



வீடு மாற்றும்போதும், பாகப்பிரிவினை நடக்கும்போதும், பெரியவர் ஒருவர் காலமாகி அவருடைய அறையை ஒழிக்கும்போதும், தெரிந்தவர்கள் வழியாக என்னிடம் ஒரே கேள்விதான் வந்து சேர்கிறது. "பரண்ல ரெண்டு பெரிய ஸ்பீக்கர் கிடக்கு சார். ஒரு காலத்துல வீடே அதிரும். இப்போ கரகரன்னுதான் வருது. எடைக்குப் போட்டுடலாமா?"

போடாதீர்கள். பழைய ஸ்பீக்கர்களோடும் ஆம்ப்ளிஃபயர்களோடும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெட்டியில் கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் விரற்கடை அகலமுள்ள ஒரு ஃபோம் வளையமும், உள்ளே பலகையில் பற்றவைத்த இரண்டு மூன்று கண்டன்சர்களும்தான். காந்தம், கோன், கம்பிச்சுருள், மரப்பெட்டி எல்லாம் நன்றாகவே இருக்கும். கெட்டதை மட்டும் மாற்றி, கெடாததில் கை வைக்காமல் விட்டால், அந்த ஸ்பீக்கர் உங்கள் பிள்ளைகள் காலத்திலும் பாடும். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அவை வீட்டுக்கு வந்த வழியை நினைத்துப் பாருங்கள். 1991க்கு முன் வெளிநாட்டு ஆடியோ சாதனத்தைக் கடைக்குப் போய் எளிதாக வாங்கிவிட முடியாது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கத் தீர்வையும் அப்படி இருந்தன. வளைகுடாவில் வேலை பார்த்தவர் விடுமுறைக்கு வரும்போது சுமந்து வந்தார். சிங்கப்பூர், மலேசிய உறவினர் கொண்டுவந்து கொடுத்தார். இல்லையென்றால் சென்னைப் பாரிமுனையில் பர்மா பஜார். உள்நாட்டில் கல்கத்தாவின் சோனோடைன், பம்பாயின் காஸ்மிக், பிலிப்ஸ் போன்றவை கிடைத்தன. மாதச் சம்பளக்காரருக்கு அவையும் பெரிய செலவுதான். இன்னொரு வகையினரும் இருந்தார்கள். ரிச்சி தெருவில் தாழ்ந்த ஒலிக்கான வூஃபரையும் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டரையும் தனித்தனியாக வாங்கி, தெரிந்த தச்சரை வீட்டுக்கு வரவழைத்து, பக்கத்தில் நின்று அளவு சொல்லிப் பெட்டி செய்துகொண்டவர்கள். பெயர்ப்பட்டை எதுவும் இல்லாத அந்தத் தேக்குப் பெட்டிகளை நான் மிகவும் மதிக்கிறேன். பெயர் இல்லை என்பதற்காக உங்கள் வீட்டுப் பெட்டியை மட்டமாக எண்ணிவிடாதீர்கள்.

பெயர் இருக்கிறதென்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண், எத்தனை ஓம்ஸ் என்பதெல்லாம் அங்கே இருக்கும். இரண்டு பெட்டியின் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜேபிஎல், டான்னாய், வார்ஃப்டேல், கெஃப், யமஹா, ஏஆர் என்று ஏதாவது இருந்தால், உங்கள் பரணில் கிடப்பது ஒலிப்பொறியியல் வரலாற்றின் ஒரு துண்டு.

ஏஆரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் ஹென்றி குளோஸோடு சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு முன் ஆழமான பாஸ் வேண்டுமென்றால் அலமாரி அளவுக்குப் பெட்டி வேண்டும். கோனை அதன் இடத்துக்குத் திருப்பி இழுப்பது விறைப்பான விளிம்பு. அது நீண்ட அசைவுகளில் ஒழுங்காக இழுக்காது, ஒலி கெடும். வில்ச்சர் விளிம்பை வேண்டுமென்றே தொளதொளவென்று விட்டார். பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தார். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்தது; எந்த விளிம்பையும்விடச் சீராகத் தள்ளியது, இழுத்தது. புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து அடிவயிற்றைத் தொடும் பாஸ் வந்தது. பிறகு ஏஆர்-3ல் குவிமாட ட்வீட்டரையும் அவர் கொண்டுவந்தார். இன்று சந்தையில் இருக்கும் ஸ்பீக்கர்களில் மிகப் பலவற்றில் இருப்பது அதன் வழிவந்த ட்வீட்டர்தான். ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் குழுவை மேடையில் வாசிக்கவைத்து, இடையிடையே அவர்கள் வாசிப்பதுபோல் பாவனை செய்ய, ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றிக் காட்டினார்கள். எது நேரடி, எது பதிவு என்று பிரித்தறிய மக்கள் திணறினார்கள். இங்கிலாந்தில் வார்ஃப்டேல் நிறுவனர் கில்பர்ட் பிரிக்ஸ் 1954லேயே லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் இப்படி நேரடி இசையையும் பதிவையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியிருந்தார். உண்மையான வயலினுக்குப் பக்கத்தில் தன் பெட்டியை நிறுத்தி, சபையின் முன் பரீட்சைக்கு உட்பட்ட மனிதர்கள் அவர்கள். அந்தத் துணிவின்மேல் எனக்குள்ள மரியாதை இன்றுவரை குறையவில்லை.

ஏஆரின் கதையை இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. காற்றுதான் ஸ்பிரிங் என்றால், காற்று கசியக்கூடாது. பின்பக்கம் புது டெர்மினல் போடுகிறேன் என்று யாராவது டிரில்லிங் மெஷினோடு வந்தால் அனுப்பிவிடுங்கள். இந்த வகை அடைத்த பெட்டியில் வூஃபர் கோனை இரண்டு பக்கமும் விரல்களால் சமமாக, மெல்ல அழுத்தி விடுங்கள். அது மெதுவாகத் திரும்பி வந்தால் அடைப்பு நன்றாக இருக்கிறது. சட்டென்று வந்தால் எங்கோ கசிகிறது.

இப்போது ஃபோம் வளையம். முன்னாலிருக்கும் துணிச் சட்டத்தை ஜாக்கிரதையாகக் கழற்றுங்கள். கோனுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் வளையமாக ஓடும் பகுதியை ஒற்றை விரலால் தொட்டுப் பாருங்கள். பொரித்த அப்பளம் நொறுங்குவதுபோல் உதிர்ந்தாலோ, பிசுபிசுவென்று விரலில் ஒட்டினாலோ அதன் ஆயுள் முடிந்தது. பாலியூரிதேன் ஃபோமைக் காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. பெட்டி வாசித்துக்கொண்டிருந்தாலும் சும்மா கிடந்தாலும் இது நடக்கும். குளிர்நாடுகளில் பதினைந்து இருபது ஆண்டு தாங்குவது சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணக் கடற்காற்றில் அதற்கு முன்பே போய்விடும். உங்கள் காதில் விழும் அந்தக் கரகரப்பு இதனால்தான்: பிடிமானம் இழந்த கோன் ஒரு பக்கம் சாய, கம்பிச்சுருள் காந்தத்தின் இடைவெளியில் உரசுகிறது. அந்த நிலையில் தொடர்ந்து வாசிக்கவிட்டால் சுருளும் தேய்ந்து அறுந்துவிடும். ஆகவே உடனே நிறுத்துங்கள்.

சரியான அளவு வளையம் வாங்கி ஒட்டினால் போதும். பழைய பசையைச் சுரண்டி எடுக்க அரை நாள் பொறுமை வேண்டும். ஒட்டும்போது சுருள் நடுவில் நிற்கும்படி சுற்றிலும் மெல்லிய ஃபிலிம் துண்டுகளைச் செருக வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க அசைக்காமல் காயவிட வேண்டும். வளையத்தின் விட்டம் மட்டுமல்ல, அதன் மேடும் மென்மையும் பழையதற்கு ஒத்துப்போக வேண்டும். தடித்த வளையத்தைப் போட்டால் பாஸின் கீழெல்லை மேலே ஏறிவிடும், அதாவது அடி ஆழம் காணாமல் போகும்.

எல்லா ஸ்பீக்கரிலும் ஃபோம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரப்பர் விளிம்பும், பூச்சுத் தடவிய துணி விளிம்பும் நெடுங்காலம் நிற்கும். 1970ல் வந்த ஜேபிஎல் எல்-100 என்ற புகழ்பெற்ற மாடலில் வூஃபர் விளிம்பு நிலைத்து நிற்கும் வகை. ஆனால் அதன் முகத்திலிருந்த கட்டம் கட்டமான ஃபோம் மூடி பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடியைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரே செத்தது என்று முடிவுகட்டியவர்களை நான் அறிவேன். மூடிதான் போனது, குரல் அப்படியே இருக்கிறது.

அடுத்தது கண்டன்சர். கிராஸ்ஓவர் என்ற பலகை, தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிறது. அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் நாளடைவில் உலர்ந்து, ட்வீட்டருக்குப் போக வேண்டியதை மறிக்கத் தொடங்கும். இதை நம் இசையைக்கொண்டே கண்டுபிடிக்கலாம். ஒரு கச்சேரிப் பதிவைப் போடுங்கள். தம்புராவின் ரீங்காரம் பாடகரைச் சுற்றி நிற்காமல் பின்னால் மங்கிக் கிடக்கிறதா? மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் சாப்பு கணீரென்று தெறிக்காமல் மழுங்கிக் கேட்கிறதா? ட்வீட்டர் பக்கம் பாருங்கள். மாறாக, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் சுரமில்லாமல் வெறும் தட்டலாக வந்தால் வூஃபர் பக்கம் கோளாறு. பழைய ஏஆர் பெட்டிகளில் இன்னொன்றும் உண்டு: பின்னாலுள்ள ட்வீட்டர் அளவுக் குமிழ் உள்ளுக்குள் களிம்பு பிடித்துத் தொடர்பை அறுத்துவிடும். ட்வீட்டர் எரிந்துபோனது என்று தூக்கி எறிவதற்கு முன் அந்தக் குமிழைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

கண்டன்சரை மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட் அளவில் வாங்குங்கள். இன்றைய நல்ல ஃபிலிம் கண்டன்சரின் உள்தடை பழைய எலக்ட்ரோலிட்டிக்கைவிடக் குறைவு. அந்தச் சிறு தடையையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் பல ஸ்பீக்கர்கள் வடிவமைக்கப்பட்டன. எனவே மாற்றியதும் உச்ச ஒலி சற்றுக் கூர்மையாகத் தோன்றினால், அரை ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரைத் தொடராக இணைக்கலாம். கழற்றிய பழைய கண்டன்சர்களைக் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

இனி நான் சொல்லப்போவதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. மெக்கானிக் ஒருவர், "பழைய யூனிட்டைத் தூக்கிட்டுப் புதுசு போட்டுடலாம் சார், சவுண்டு அள்ளும்" என்பார். சம்மதிக்காதீர்கள். கிராஸ்ஓவரும் பெட்டியின் கொள்ளளவும் அந்த வூஃபர், ட்வீட்டர் யூனிட்களுக்காகவே கணக்கிடப்பட்டவை. வேறொன்றைப் பொருத்தினால் சத்தம் வரும். அந்த ஸ்பீக்கர் வராது. பிபிசியின் எல்எஸ்3/5ஏ இதற்கு நல்ல உதாரணம். வெளிப்புற ஒலிபரப்பு வேன்களின் இடுக்கில் வைத்துக் கேட்க, 1970களில் பிபிசி பொறியாளர்களே வடிவமைத்த பெட்டி அது. கொள்ளளவு ஏறத்தாழ 5 லிட்டர்தான். ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார் போன்ற கம்பெனிகள் உரிமம் பெற்றுத் தயாரித்தன. கெஃப் நிறுவனத்தின் டி27 ட்வீட்டரும் பி110 வூஃபரும் அதில் இருந்தன. 1980களின் பிற்பகுதியில் அந்த யூனிட்கள் மாறியபோது கிராஸ்ஓவரையே திருத்தி எழுத வேண்டியிருந்தது. 15 ஓம்ஸ் பெட்டி 11 ஓம்ஸ் ஆனது. பிபிசிக்கே அந்த நிலை என்றால், ஒரு மத்தியானத்தில் யூனிட்டை மாற்றிவிடலாம் என்பவரை எப்படி நம்புவது? மனிதக் குரலைச் சொல்வதில் அதற்கு இணையான சிறிய பெட்டியை நான் கேட்டதில்லை. லண்டனிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினர் வீட்டில் சின்னதாக ஒரு ஜோடி கிடந்தால், சின்னது என்று ஒதுக்காமல் பின்பக்கப் பட்டையைப் படித்துப் பாருங்கள்.

காந்தத்தைப் பிரிக்கவும் விடாதீர்கள். பழைய உயர்தர யூனிட்களில் அல்னிகோ காந்தம் இருக்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகம். 1978ல் ஜைரின் ஷாபா மாகாணத்தில் நடந்த சண்டையால் கோபால்ட் விலை எகிற, ஸ்பீக்கர் கம்பெனிகள் பலவும் ஃபெரைட்டுக்கு மாறின. அல்னிகோவை அதன் இரும்புக் கூட்டிலிருந்து கழற்றினாலே காந்தசக்தியில் ஒரு பங்கு போய்விடும். யமஹா என்எஸ்-1000 வகையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை: அதன் குவிமாடங்கள் பெரிலியத்தால் ஆனவை. நசுங்கியோ உடைந்தோ இருந்தால் தொடாதீர்கள், ஊதாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. குவாட் எலக்ட்ரோஸ்டாடிக் என்ற தட்டையான, ஹீட்டரைப் போன்ற தோற்றமுள்ள ஸ்பீக்கர் கிடைத்தால் அதன் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும். அதைப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியோடு சேர்த்துத்தான் இறக்கியிருப்பீர்கள். ஆர்வத்தில் நேராகப் பிளக்கில் செருகிவிடாதீர்கள். பின்னால் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கான செட் 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். நம் 230ஐக் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் அந்த நிமிடமே கருகும். வளைகுடா, சிங்கப்பூர் வழியாக வந்தவற்றில் பெரும்பாலும் வோல்டேஜை மாற்றும் சுவிட்ச் இருக்கும். அது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் கிடந்த செட்டுக்கு முதல் மின்சாரத்தைச் சீரிஸ் லாம்ப் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகளின் மேஜையில் எப்போதும் தொங்கும் அந்தப் பழைய குண்டு பல்புதான். பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். பிறகு, ஸ்பீக்கரை இணைக்கும் முன்பே, ஸ்பீக்கர் டெர்மினல்களில் மல்டிமீட்டரை வைத்து டிசி வோல்ட் பார்க்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. கோளாறான ஆம்ப் ஒன்று அங்கே முழு டிசியை அனுப்பினால், இத்தனை பாடுபட்டு மீட்ட வூஃபர் நொடிகளில் எரிந்துபோகும்.

சின்ன ஆம்ப் பாதுகாப்பானது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்வீட்டர்களில் பல, பெரிய ஆம்ப்பால் சாவதில்லை. சிறிய ஆம்ப்பை அதன் சக்திக்கு மீறி முறுக்கும்போது உச்சி வெட்டுப்பட்டு வரும் சிதைந்த ஒலியால் சாகின்றன. ஒலி 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். எத்தனை வாட்ஸ் போதும் என்பது ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும்: கல்யாண மண்டபத்துக் குழாய் ஸ்பீக்கர் கொஞ்ச வாட்ஸிலேயே தெருவுக்கே கேட்கும். எல்எஸ்3/5ஏ போன்ற பெட்டிக்கு நல்ல தெம்புள்ள ஆம்ப் தேவை. ஏஆர்-3ஏ போன்ற 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை எல்லா ஆம்ப்பும் தாங்காது.

எல்லாம் முடிந்ததும் முதலில் என்ன போட்டுக் கேட்பது? எம்.எஸ்.வி. காலத்து மோனோ பாடல் ஒன்றைப் போடுங்கள். காரணத்தோடுதான் சொல்கிறேன். மோனோ பதிவில் இரண்டு பெட்டிக்கும் போவது அச்சுப்பிசகாமல் ஒரே ஒலி. இரண்டு பெட்டிக்கும் சம தூரத்தில் உட்கார்ந்து கேட்டால், டி.எம்.எஸ்ஸோ சுசீலாவோ இரண்டுக்கும் சரியாக நடுவில், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் நின்று பாட வேண்டும். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பெட்டி தளர்ந்திருக்கிறது. குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறி, பாஸும் மெலிந்திருந்தால் ஒரு பெட்டியின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை டெர்மினலில் நொடிப்பொழுது தொட்டுப் பார்த்தால் கோன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். இரண்டும் ஒரே பக்கம் நகர வேண்டும். பழைய ஜேபிஎல் யூனிட்கள் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் நகரும். அது பழுதல்ல, அவர்கள் வழக்கம். மோனோவில் தேறிய பிறகு ஸ்டீரியோவுக்குப் போங்கள். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத்தட்டான 'ஹவ் டு நேம் இட்' இருந்தால் அதைப் போடுங்கள். வயலின் கூட்டம் எத்தனை வரிசையாக உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்த பெட்டியா என்பது தெரிந்துவிடும்.

நம் வீடுகள் ஸ்பீக்கருக்குக் கடினமானவை. மொசைக் அல்லது டைல்ஸ் தரை, சிமெண்ட் பூசிய வெறும் சுவர், கான்கிரீட் கூரை. எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும். விலையுயர்ந்த ஒயர் வாங்குவதற்கு முன், பெட்டிகளுக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் தடித்த பவானி ஜமக்காளம் ஒன்றை விரியுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து இரண்டு அடி முன்னால் இழுங்கள்; பாஸின் இரைச்சல் வடிந்து சுரம் தெரியும். தரையில் நேராக வைக்காமல் ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வருமாறு ஸ்டூலில் ஏற்றுங்கள். வெளிச்சுவரின் ஈரத்தில் ஒட்டி வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைத் தெருக்களில் குவிந்து கிடந்த பெட்டிகளில், பார்ட்டிகிள் போர்டில் செய்தவை ஊறி உப்பி வாய்பிளந்திருந்தன. பிளைவுட் பெட்டிகள் சில காய்ந்து மீண்டன. வெனீர் மங்கியிருந்தால் எண்ணெய் தடவித் துடையுங்கள். அதன்மேல் சன்மைக்கா ஒட்ட வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம்.

இதையெல்லாம் படித்த பிறகும், சிறிய ஃப்ளாட், இடமில்லை, கேட்க நேரமில்லை என்று உங்களில் சிலருக்கு விற்கத்தான் வேண்டியிருக்கும். அதில் தவறில்லை. ஆனால் ஜோடியைப் பிரிக்காதீர்கள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று பாகம் பிரித்த பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒற்றைப் பெட்டி இரண்டு வீட்டிலும் பயன்படவில்லை. ஃபோம் உதிர்ந்திருந்தாலும் அப்படியே கொடுங்கள், விலை ஏறும் என்று அவசரத்துக்கு எதையாவது ஒட்டிக் கொடுக்காதீர்கள். துணிச் சட்டங்கள், ஆம்ப்ளிஃபயர், அதன் கையேடு, வாங்கிய ரசீது, கவரில் போட்டு வைத்த பழைய கண்டன்சர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். காந்தத்துக்கும் செம்புக்கும் எடைபோடுகிறவருக்குக் கொடுக்காமல், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறவருக்குக் கொடுங்கள். இதுவரை என்னென்ன மாற்றப்பட்டது, எந்த ஆண்டில், யார் கையால் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறக்கப்போகிறவருக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்